ஏழாவது பாட்டில் இருந்த குரல்

"உள்ள போனதும் எனக்கு உங்களத் தெரியாது அண்ணி. ஞாபகம் வெச்சுக்குங்க."

கார் சாலாக் செலாத்தானைத் தாண்டுவதற்குள் விமலன் இதை மூன்றாவது தடவையாகச் சொன்னான்.

"எத்தன தடவப்பா சொல்லுவ? நீ யாரோ, நான் யாரோ. போதுமா?" என்றாள் குமுதா.

"சித்தப்பா என் சித்தப்பான்னும் சொல்லிடாதீங்க," என்று பின் இருக்கையிலிருந்து மகள் மலர்விழி சேர்த்துக்கொண்டாள். கண் கைப்பேசியில் இருந்தது. "ஒரு வருஷமா அந்தக் கூட்டத்துக்குப் போறேன் மா. நான் யார் பொண்ணுன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. அப்படியே இருக்கட்டும்."

"தெரிஞ்சா என்னடி? உங்கப்பா என்ன கொல பண்ணிட்டு ஜெயிலுக்கா போனாரு?"

"பிளீஸ் லா. தெரிஞ்சா எல்லாரும் மூஞ்சிய ஒரு மாதிரி வெச்சுக்கிட்டு என்னப் பார்ப்பாங்க. ஃபார்ம் த்ரீல என்ன மேடையில ஏத்தி விட்டு ஸ்கூலே ஒரு நிமிஷம் மௌனமா நின்னுச்சே, இந்த ஜென்மத்துக்கு அது போதும்."

வேறு நாளாக இருந்தால் குமுதா பதிலுக்குப் பதில் பேசியிருப்பாள். இன்று அவளுடைய பாட்டைப் பெரிய ஸ்பீக்கரில் போடப் போகிறார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்தால் போதும், யார் யாரைத் தெரியாது என்றாலும் பரவாயில்லை என்று இருந்தாள்.

விமலன் அவள் கணவன் லோகனின் தம்பி. பெட்டாலிங் ஜெயாவில் ஏர்கான் பழுது பார்க்கிற வேலை. மற்ற நேரமெல்லாம் 'துருக்கூடு' என்ற மூன்று பேர் ராக் குழு. கிட்டாரோடு பட்டறைச் சத்தங்களையும் சேர்த்து அடிக்கிற வகை. கம்ப்ரஸர் மூச்சு விடுவது, கிரைண்டர் கத்துவது, இரும்புத் தகடு தரையில் விழுவது எல்லாவற்றையும் நான்கு வருடம் அலைந்து பதிவு செய்து, 'மூன்றாம் ஷிப்ட்' என்று ஒன்பது பாட்டுக்கு ஓர் ஆல்பம் செய்திருந்தான். அதில் ஏழாவது பாட்டில் கிட்டார் கிடையாது. தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினின் சத்தமும் குமுதாவின் குரலும் மட்டும்தான்.

ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறையில் அவளும் லோகனும் பதினோரு வருடம் ஒரே பிரஸ்ஸில் வேலை செய்தவர்கள். அவர் தகட்டை வைப்பார், அவள் பெடலை மிதிப்பாள். மிதிப்பதற்கு முன்னால் அவர் கையைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் குரல் கொடுப்பாள். "வெச்சாச்சா? கை எடு. விடுறேன்." ஒரு நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம் தடவை. கையைக் கண்டால் மெஷினைத் தானாக நிறுத்துகிற கருவி ஒன்று அதில் இருந்தது. வேலை மெதுவாகிறது என்று முதலாளி அதைக் கழற்றி வைத்திருந்தார். குமுதாவின் வாய்தான் அந்தக் கருவி. ஏழு வருடத்துக்கு முன்னால், அவசர ஆர்டர் என்று அவளை ஒரு நாள் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். வேலைக்குச் சேர்ந்து இரண்டே நாள் ஆன ஒருவனைப் பெடலில் நிற்க வைத்தார்கள். அப்படிக் குரல் கொடுக்க வேண்டும் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. லோகனின் இரண்டு கைகளும் போய், மூன்றாம் நாள் ஆளும் போனார்.

தொழிலாளியின் கவனக்குறைவு என்று அறிக்கை எழுதினார்கள். விசாரணையில் குமுதாவிடம் திருமணச் சான்றிதழ் எண்ணைக் கேட்டார்கள். வேறொன்றும் கேட்கவில்லை.

அவர்கள் கேட்காததைத்தான் அவள் ஏழாவது பாட்டில் சொல்லியிருந்தாள். நாற்பது தடவை குரல் கொடுப்பாள், நாற்பது தடவை பிரஸ் இறங்கும். நாற்பத்தோராவது தடவை குரல் இல்லாமலே பிரஸ் இறங்கிவிடும். அதற்கப்புறம் அவள் ஒரே ஒரு தடவை, பசியாறக் கூப்பிடுகிற மாதிரி, "லோகன்" என்பாள். அவ்வளவுதான் பாட்டு. பதிவு செய்த அன்றைக்கு விமலன் அழுதான். "இந்தப் பாட்டு இல்லாம இந்த ரெக்கார்டு வெளிய வராது அண்ணி, அண்ணன் மேல சத்தியம்" என்றான்.

பிரிக்பீல்ட்ஸில் மாலை கட்டும் கடைக்கு மேலே, முதல் மாடியில், பரமேஸ்வரனின் கேட்கும் அறை. வானொலியில் ஒலிப்பதிவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை பிற்பகல்களில் அங்கே ஐந்து பேர் கூடி ஓர் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்பார்கள். பிறகு கிழிப்பார்கள். அவர்கள் 'கேட்டாச்சு' என்று ஸ்டிக்கர் கொடுத்த இசைத்தட்டு என்றால் ஈப்போவிலும் பினாங்கிலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க ஆளிருந்தது. ஐந்தில் மூன்று பேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்ட பாட்டை எடுத்துவிட வேண்டும். எடுக்காவிட்டால் ஸ்டிக்கர் இல்லை.

இன்னும் இரண்டு விதிகள் உண்டு. ஆல்பம் செய்தவன் மூலையில் உட்கார்ந்து, ஓட்டு முடிகிறவரை வாயைத் திறக்கக் கூடாது. பாட்டுக்குப் பின்னால் இருக்கிற கதையை யாரும் எடுக்கக் கூடாது. அவனுடைய உறவுக்காரர்களுக்கு ஓட்டுக் கிடையாது என்பதை விதி என்றே யாரும் சொல்வதில்லை, அது எல்லாருக்கும் தெரிந்தது. மலர்விழி அதை ஏற்கெனவே மீறிக்கொண்டுதான் படியேறினாள்.

"அங்கிள், எங்கம்மா. முடிஞ்சதும் சேலை எடுக்கப் போறோம். ஓரமா உட்கார்ந்துக்குவாங்க, ஓகேவா?"

"தாராளமா. பசியாறியாச்சாம்மா?" என்றார் பரமேஸ்வரன். "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கும். காதுக்குப் பஞ்சு வேணுமா?"

"வேணாங்க. எனக்குப் பழக்கம்" என்றாள் குமுதா.

கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நுஃமான் சட்டைக்குள் கறுப்பு ராக் பனியனோடு வந்திருந்தார். "வாங்க அக்கா. ஓடிப் போறதுன்னா இப்பவே ஓடிருங்க. நான் போன வாரம் இங்க கேட்ட பாட்டுக்கு ராத்திரி தொழுகைல மன்னிப்புக் கேட்டேன்." கார் விற்கிற வேலையில் இருக்கும் தனேஷ், முப்பது வயது, நிமிர்ந்து பார்த்து "ஹாய் ஆன்டி" என்றான். அவனுக்குப் பக்கத்து நாற்காலியில் மலர்விழி போய் உட்கார்ந்ததையும், உட்கார்ந்ததும் தலைமுடியைச் சரிசெய்ததையும் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த குமுதா பார்த்தாள். பத்து நிமிடம் முன்னதாகவே மேலே வந்துவிட்ட விமலன், மூலையில் பிளாஸ்டிக் முக்காலியில் இருந்தான். அவளை அவன் பார்க்கவே இல்லை. அதை நன்றாகத்தான் செய்தான்.

"அஞ்சாவது ஆளு வாணி எங்க?" என்றார் நுஃமான்.

"ஃபெடரல் ஹைவேல ஜேம். வந்துருவா. நாம போடலாம்" என்றார் பரமேஸ்வரன்.

நாற்பத்து மூன்று நிமிடம் ஓடியது. குமுதாவுக்கு முதல் ஆறு பாட்டுகளும் ஒன்றுதான், பட்டறையில் யாரோ கோபத்தோடு வேலை செய்கிற மாதிரி இருந்தது. ஏழாவது வந்ததும் அவள் நிமிர்ந்தாள். அந்த ஸ்பீக்கர்களில் பிரஸ் இறங்கியபோது தரைப்பலகை அதிர்ந்து காலுக்குள் ஏறியது. அதற்கு மேலே அவள் குரல், அவள் உயரத்துக்கு, அந்த அறையிலேயே இன்னொரு குமுதா நின்று கூப்பிடுகிற மாதிரி. தன் குரல் இவ்வளவு பெரியது என்று அவளுக்கு அதுவரை தெரியாது. நாற்பத்தொன்றாவது அடி விழுந்து, "லோகன்" என்ற சொல் அறையில் நின்றது. யாரோ மூக்கால் சிரித்தார்கள். குமுதா தும்மல் என்று நினைத்தாள்.

எட்டும் ஒன்பதும் முடிந்தன. பரமேஸ்வரன் விளக்கைப் போட்டார்.

"சரி. கத்திய எடுங்க. தனேஷ்."

"முதல் பாட்டு ஓகே. ரெண்டாவது பாட்டு, முதல் பாட்டுக்குத் தலைவலி வந்த மாதிரி இருக்கு. மூணாவதுல டிரம்ஸ் நல்லா இருக்கு, ஆனா பாடுறவரு ஏன் டாய்லெட்டுக்குள்ள இருந்து பாடுறாரு?"

"அது எஃபெக்ட் டா" என்றார் நுஃமான்.

"டாய்லெட் எஃபெக்ட்."

"பேஸ் கிட்டார் எங்கய்யா?" என்றார் நுஃமான். "எனக்கு அதான் கேள்வி. கேடிஎம் ரயில்ல விட்டுட்டு இறங்கிட்டாங்களா? கிட்டார் மேல ரெண்டு கிலோ மணலக் கொட்டிருக்காங்க, அது எனக்குப் பிடிக்குது. ஆனா கீழ ஒண்ணுமே இல்ல. கால் இல்லாத மேச."

"நாலாவது நல்லா இருக்கு" என்றாள் மலர்விழி. "கிரைண்டர் சத்தம் மெதுவா கிட்டாரா மாறுதே, எங்க மாறுச்சுன்னே தெரியல. அஞ்சு ரொம்ப நீளம். முடிஞ்சு போச்சுன்னு தெரியாம இன்னும் பேசிக்கிட்டு இருக்கிற ஆளு மாதிரி."

எல்லாரும் சிரித்தார்கள். தனேஷ் அவளைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான். மூலையில் விமலனும் லேசாகச் சிரித்தான். அவனுக்கு அது அனுமதிக்கப்பட்டிருந்தது. நான்கு பாட்டுகள் ஓட்டில்லாமலே தப்பின. ஐந்தாவது குட்டுப்பட்டுத் தப்பியது. ஆறாவதும் பிழைத்தது.

"ஏழு" என்றார் பரமேஸ்வரன்.

தனேஷ் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். "சாரி லா. நான் சிரிச்சிட்டேன். அந்த ஆன்டி… கை எடு, கை எடுன்னு… பஸ்ல எவனோ தொட்டுட்டான் போல."

அறை வெடித்தது. பரமேஸ்வரன்கூட மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எனக்கு எங்க மாமியாரு ஞாபகம்" என்றார் நுஃமான். "பிரியாணிச் சட்டில கைய வெச்சாப் போதும், இதே குரல்தான். சத்தியமா முதுகு சில்லுன்னு போச்சு."

"அதுலயும் நாற்பது தடவ! நான் எண்ணினேன் அங்கிள். யாராவது அந்தக் கைய எடுத்துத் தொலைங்களேன்டான்னு கத்தலாம் போல இருந்துச்சு" என்றான் தனேஷ்.

"கடைசில லோகன்னு ஒருத்தனக் கூப்பிடுதே, அவன் யாரு? பிளம்பரா?" என்றார் நுஃமான்.

"குப்பயக் கொண்டு போடச் சொல்லுது அண்ணே. நாற்பது தடவ திட்டிட்டு, கடைசில, லோகா… குப்ப."

குமுதா கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். கோபம் வரவில்லை, அது பின்னால் வரும். கன்னம் சுட்டது. நடுத்தெருவில் புடவை அவிழ்ந்த மாதிரி ஒரு வெட்கம். மூலையில் விமலன் தன் காலணியின் கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சிரிச்சது போதும்" என்றார் பரமேஸ்வரன். "தொழில் முறையில சொல்றேன். பயிற்சி இல்லாத குரல். மூச்சு இழுக்கிறது கேக்குது. எச்சில் முழுங்குறது கேக்குது. மைக்க வாய்க்குள்ளயே வெச்சுட்டான். சாப்பாட்டுக் கடையில மங்கு கழுவுறவங்களக் கூட்டிட்டு வந்து, ரெண்டு வரி சொல்லுமான்னு சொன்ன மாதிரி இருக்கு. மலர், நீ?"

குமுதா மகளைப் பார்த்தாள்.

மலர்விழி தாயைப் பார்க்கவில்லை. "நடிப்பு ஜாஸ்தி" என்றாள். "அழல, ஆனா அழப்போறேன் பாருங்க, பாருங்கன்னு கூப்பிடுற குரல். எனக்கு அது பிடிக்காது. துக்கத்தத் தூக்கிட்டு வீடு வீடாப் போய்க் காட்டுறவங்க இருக்காங்கல்ல, அந்த மாதிரி. பாவம்னு சொல்லலன்னா விடமாட்டாங்க. எடுத்திரலாம். என் ஓட்டு எடுக்கிறதுக்கு."

"செம்ம" என்றான் தனேஷ். "எடுக்கிறதுக்கு ரெண்டு. நானும்."

"நான் வெச்சுக்கிறதுக்கு" என்றார் நுஃமான்.

குமுதா நிமிர்ந்தாள்.

"பின்ன? இதுலயே மறக்க முடியாதது இதான். இத மட்டும் வெட்டி டிக்டாக்ல போடுங்க. கல்யாண வீட்ல டிஜே போடுவான். கை எடுன்னதும் மொத்த மண்டபமும் கையத் தூக்கும். விடுறேன்னதும் எல்லாரும் குதிப்பாங்க. அலாமா, யோசிச்சுப் பாருங்க."

பரமேஸ்வரன் தலையாட்டினார். "நானும் வெச்சுக்கிறதுக்குத்தான். நல்ல பாட்டுன்னு இல்ல. ஒரு ஆல்பத்துல சிரிக்கிறதுக்கு ஒண்ணு வேணும். ரெண்டுக்கு ரெண்டு. வாணி எங்கப்பா?"

தனேஷ் அழைத்துப் பார்த்தான். கைப்பேசி ஸ்பீக்கரில் வாணியின் குரல் வந்தது. "இன்னும் மிட்வேலிகிட்டகூட வரல. லோரி கவுந்திருச்சு. என்ன விட்டுருங்க."

"நாலு பேரு ஓட்டு நடந்ததே இல்ல" என்றார் பரமேஸ்வரன். அறையைச் சுற்றிப் பார்த்தார். "மலர் அம்மா. நீங்கதான் அஞ்சாவது."

"அங்கிள், அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது!" மலர்விழியின் குரல் கீச்சென்றது.

"தெரியாதவங்கதான் வேணும். காது இருக்குல்ல? சொல்லுங்கம்மா. ஏழாவது பாட்டு. இருக்கணுமா, போகணுமா?"

விமலன் வாயைத் திறந்தால் உறவு தெரிந்துவிடும். உறவு தெரிந்தால் மலர்விழியின் ஓட்டும் போகும், ஸ்டிக்கரும் போகும். அவன் திறக்கவில்லை. குமுதா அவனைப் பார்த்தாள். காலணிக் கயிற்றில் அப்படி என்னதான் இருந்ததோ.

"அது வந்து… நடிப்பு இல்ல" என்று ஆரம்பித்தாள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"பட்டறையில அப்படித்தான் கூப்பிடுவாங்க. பிரஸ்ல ரெண்டு பேரு நிப்பாங்க. ஒருத்தரு கைய உள்ள விட்டு…"

"கதை வேணாம்மா." பரமேஸ்வரன் கையை உயர்த்தினார், மரியாதையாகத்தான். "பின்னாடி இருக்கிற கதை இங்க ஆகாது. அதக் கேட்டா எல்லாருக்கும் மனசு இளகிரும், காது போயிரும். உங்க காதுல என்ன விழுந்துச்சு? அது மட்டும்."

மேசைக்கு அடியில் மலர்விழியின் கால் அவள் காலை அழுத்தியது. பட்டறைச் செருப்புப் போட்டுப் பழகிய கால் இல்லை அது, மெல்லிய கால். ஆனாலும் வலித்தது.

குமுதா யோசித்தாள். இருக்கட்டும் என்றால் ஊரே கையைத் தூக்கிக் குதிக்கும். போகட்டும் என்றால் ஒருவரும் கேட்கமாட்டார்கள். மூன்றாவதாக ஒன்றை அவர்கள் அவளுக்குக் கொடுக்கவில்லை. நான்கு பேரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், சிரிப்பு இன்னும் முழுதாக வடியாத முகங்களோடு. அந்தச் சிரிப்புக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருப்பது பொறுக்க முடியாததாக இருந்தது. அதற்கு உள்ளே போக ஒரே வழிதான் இருந்தது.

"என் காதுலயா?" என்றாள். "அந்தப் பொம்பளைக்கு வீட்ல வேற வேல இல்ல போல. எங்க எஸ்டேட் லயத்துல ஒரு கிழவி கோழி விரட்டும், அது இதவிட ராகமா விரட்டும்."

நுஃமான் தொடையில் தட்டினார். "அப்படிப் போடுங்க அக்கா!"

"வெச்சாச்சாஆ?" குமுதா மூக்கைச் சுருக்கி, கழுத்தை நீட்டி, கோழி விரட்டும் கையோடு இழுத்தாள். "கை எடூஊ. விடுறேஏன்!"

தனேஷ் நாற்காலியிலிருந்து சரிந்தான். "ஆன்டி! ஆன்டி, ஒன்ஸ் மோர் லா. இருங்க, இருங்க." கைப்பேசியை எடுத்து நீட்டினான். "இப்ப சொல்லுங்க. கடைசி வரைக்கும்."

அவள் மறுபடி செய்தாள். இந்தத் தடவை இன்னும் நன்றாக வந்தது. பதினோரு வருடப் பயிற்சி. மூச்சு எங்கே எடுக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவள் வயிற்றுக்குத் தெரிந்திருந்தது. கடைசியில் ஒரு நொடி நிறுத்தினாள். எல்லாரும் காத்திருந்தார்கள். இவ்வளவு பேர் அவள் வாயைப் பார்த்துக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

"லோகா…" என்றாள். "குப்ப!"

மலர்விழியும் சிரித்தாள். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரித்தாள். கண்ணில் நீர் வந்ததை விரலால் சுண்டிவிட்டு, "மா, போதும், போதும்" என்றாள்.

"அம்மா, பதிவுல இருக்கிறவங்களவிட நீங்க நல்லாப் பண்றீங்க" என்றார் பரமேஸ்வரன். "அவங்களுக்கு இந்த உயிர் இல்ல. சரி, ஓட்டு?"

"எடுத்திருங்க" என்றாள் குமுதா.

"மூணுக்கு ரெண்டு. ஏழு போச்சு. விமலன், இப்ப நீங்க பேசலாம். என்ன வேணும்னாலும் பேசலாம், கதையும் சொல்லலாம்."

விமலன் எழுந்தான். சொல்லட்டும், இப்போது சொல்லட்டும், ஸ்டிக்கர் போனால் போகட்டும், எல்லாருடைய முகமும் மாறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்று குமுதாவுக்குள் ஒன்று துடித்தது. விமலன் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"நன்றி. எல்லாமே சரியாத்தான் சொன்னீங்க. பேஸ் விஷயத்தப் பார்க்கிறேன் நுஃமான் அண்ணே. ஏழாவது… உண்மையச் சொன்னா எனக்கே அது சந்தேகமாத்தான் இருந்துச்சு."

அவன் கையில் பரமேஸ்வரன் ஸ்டிக்கர் தாளைக் கொடுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள். குமுதாவும் தட்டினாள்.

இரண்டு தெரு தள்ளி, யாரும் பார்க்காத இடத்தில், விமலன் காரோடு காத்திருந்தான். குமுதா பின் இருக்கையில் ஏறினாள். மலர்விழி முன்னால் போய் உட்கார்ந்தாள். சுங்கை பீசி சாலையில் நெரிசல். வெயில் கண்ணாடியில் அடித்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் விமலா."

"எப்ப அண்ணி?"

"கதையும் சொல்லலாம்னாரே, அப்ப."

"அப்ப சொல்லி? உங்க ஓட்டு செல்லாது, மலர் ஓட்டு செல்லாது, எங்கள ஏமாத்துனியான்னு ஆல்பத்தையே தூக்கி வெளிய போட்டிருப்பாங்க. நாலு வருஷம் அண்ணி. இன்னும் ரெண்டு பேரு என்ன நம்பி இருக்காங்க."

"உங்கண்ணன் மேல சத்தியம் பண்ணினியே."

விமலன் ஸ்டியரிங்கில் விரலைத் தட்டினான். "நீங்களும்தானே அண்ணி ஓட்டுப் போட்டீங்க. நானா போட்டேன்? இருக்கட்டும்னு ஒரு வார்த்த நீங்க சொல்லியிருந்தா இருந்திருக்கும்."

"கல்யாண வீட்ல ஆடவா?"

"இருந்திருக்கும்ல. அதச் சொல்றேன்."

குமுதா தலையை மகள் பக்கம் திருப்பினாள். "துக்கத்தத் தூக்கிட்டு நான் எந்த வீட்டுக்குடி போனேன்?"

"நான் பொதுவாச் சொன்னேன்."

"பொதுவாவா?"

"சரி, பொதுவா இல்ல. என்ன செய்யச் சொல்றீங்க? அங்க ஒருத்தன் என்ன மலர்னு பாக்கிறான். காது நல்ல காதுன்னு பாக்கிறான். ஒரு வருஷமா. நீங்க வந்து ஒரு நிமிஷத்துல என்னத் திரும்ப அந்த மேடையில ஏத்திருப்பீங்க. அப்பா செத்தாரு. எனக்கும்தான் செத்தாரு. நான் என்ன ஸ்பீக்கர் வெச்சா சொன்னேன்?"

"மலர்" என்றான் விமலன்.

"நீங்க பேசாதீங்க சித்தப்பா. நீங்கதான் அவங்கள மைக்கு முன்னாடி நிக்க வெச்சீங்க."

கைப்பேசி ஒலித்தது. மறுபடி ஒலித்தது. மலர்விழி பார்த்தாள். அவள் முகம் இளகியது, பிறகு உதடு கோணி, சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கப் பார்த்தாள்.

"என்ன?"

"தனேஷ் உங்க குரலப் போட்டுட்டான் மா. கூட்டத்து குரூப்ல. அங்க இருந்து வேற எங்கயோ போயிருச்சு. அதுக்குள்ள ஒருத்தன் பீட் போட்டு விட்டிருக்கான்."

அவள் அழுத்தினாள். காருக்குள் குமுதா கூவினாள். வெச்சாச்சாஆ, கை எடூஊ, விடுறேஏன். அடியில் தும் தும் என்று ஏதோ அடித்தது. லோகா… குப்ப. லோகா… குப்ப. அந்த இடத்தை மட்டும் நான்கு தடவை வெட்டி ஒட்டியிருந்தார்கள். விமலன் தன்னையறியாமல் தலையை ஒரு தடவை ஆட்டிவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"எத்தன பேரு கேட்டாங்க?" என்றாள் குமுதா.

"எழுநூறு சொச்சம். ஏறிக்கிட்டே இருக்கு. மலரோட அம்மா செம்மன்னு எழுதுறாங்க." மலர்விழி விரலால் தள்ளிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் நின்றாள்.

"என்ன எழுதியிருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"படிடி."

"நிறையப் பேரு ஒரே கேள்வி கேக்குறாங்க. யாரு அந்த லோகன்னு."

குமுதா முன்னால் சாய்ந்தாள். மகளின் இருக்கை முதுகை இரண்டு கையாலும் பிடித்தாள். ஏழு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. அறிக்கை எழுதியவர்கள் கேட்கவில்லை, முதலாளி கேட்கவில்லை, மாடியில் இருந்தவர்கள் பிளம்பரா என்று கேட்டார்கள்.

"கேக்குறாங்கல்ல? எழுது. எங்கப்பான்னு எழுது. பிரஸ்ல நின்னாரு, அன்னைக்கு ஒருத்தரும் அவரக் கூப்பிடலன்னு எழுது. நான் இல்ல, பேக்கிங்ல இருந்தேன்னு எழுது. வேற ஒண்ணும் வேணாம்."

"அண்ணி, வேணாம். ஸ்டிக்கரு…"

"நீ ரோட்டப் பாத்து ஓட்டு."

மலர்விழி கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்தாள். பிறகு தட்டத் தொடங்கினாள். குமுதா அந்தக் கட்டைவிரல்களையே பார்த்தாள். வேகமான விரல்கள். சீக்கிரம் முடிந்துவிட்டது.

"எழுதிட்டியா?"

"ம்."

"என்னன்னு எழுதின?"

குமுதா கையை நீட்டினாள். இழுபறி நடக்கவில்லை, மகள் தானாகவே கொடுத்துவிட்டாள். திரையில், எல்லாக் கேள்விகளுக்கும் கீழே, மலர்விழியின் படத்துக்குப் பக்கத்தில் ஒரே வரி இருந்தது: 'எங்க வீட்டுப் பூனை லா.' அதற்கு முன்னால் சிரிக்கிற முகங்கள் மூன்று. குமுதா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குக் கீழே வேறு முகங்கள் வந்து சேர்ந்தன. பத்து, இருபது. தனேஷின் பெயரிலிருந்து ஓர் இதயம்.

"பூனைன்னா?" என்றான் விமலன். எட்டிப் பார்த்து நிம்மதியாக மூச்சு விட்டான். "சரி. பரவால்ல. அது போதும். பிரச்ன ஒண்ணும் வராது."

குமுதா கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

"சோறு வெச்சியான்னு அடுத்தது கேப்பாங்க" என்றாள். "அதுக்கும் இப்பவே எழுதி வெச்சிரு."

விமலன் சிரித்துவிட்டான். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்த பிறகும் அந்தச் சிரிப்பை உடனே நிறுத்த அவனால் முடியவில்லை. முன்னால் நின்ற லோரி நகர்ந்தது. பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள். மலர்விழியின் கைப்பேசி மறுபடி ஒலித்தது. யாரோ உண்மையாகவே பூனையின் படத்தைக் கேட்டிருந்தார்கள்.